குழியோரம் நாற்காலி போட்டவள்

கீழ்வீட்டு அக்காவோடு காய்கறி வாங்கக் கிளம்பினால் எப்போது வீடு திரும்புவோம் என்று யாராலும் சொல்ல முடியாது. வழியில் எங்காவது தோண்டிப் போட்டிருப்பான். தில்லியில் தோண்டிப் போடாத தெரு ஏது? தண்ணீர்க் குழாய்க்கு ஒருத்தன் தோண்டுவான், அவன் மூடின கையோடு கேபிளுக்கு இன்னொருத்தன் வந்து தோண்டுவான். நாமெல்லாம் பலகை கிடந்தால் பலகை மேல், இல்லாவிட்டால் ஒரு தாவலில் தாண்டிப் போய்விடுவோம். அக்கா போகமாட்டாள். நின்றுவிடுவாள். உள்ளே எட்டிப் பார்ப்பாள். ஆள் இருக்கிறானா, ஏறி வர ஏணி இருக்கிறதா, தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவித்து வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பாள். பிறகு கூப்பிட ஆரம்பிப்பாள்.

"பையா! ஏ பையா! யே கட்டா குலா க்யோன் ஹை?"

பையா என்றால் அண்ணா, கட்டா என்றால் குழி. குழி ஏன் திறந்து கிடக்கிறது என்று கேட்கிறாள். அவள் யாரைக் கேட்கிறாள் என்பது அவளுக்கே தெரியாது. குழிக்குள் இருக்கிறவனுக்குப் பதில் தெரியாது, பதில் தெரிந்தவன் குழிப்பக்கம் வரவே மாட்டான். ஆனாலும் கேட்பாள். அந்தப் பக்கம் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள். ஆட்டோக்காரன் ஹாரன் அடிப்பான். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

நான் தில்லி துவாரகாவில் வாடகைக்கு இருந்த காலம் அது. குர்காவ்னில் ஒரு கம்பெனியில் வேலை. எனக்கு நேர் கீழ்வீடு அக்காவுடையது. மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, முப்பது வருடத்துக்கு மேல் ஃபைல் பார்த்து, ஓய்வு பெற்றிருந்தாள். கணவரும் அரசு ஊழியர்தான். அவரை எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டி மொத்தமும், பஞ்சாபிகள் உட்பட, அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். இருவரும் திருநெல்வேலிப் பக்கம். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் குடும்பம் நடத்தி, பிள்ளைகளைப் படிக்க வைத்து அமெரிக்காவுக்கும் பெங்களூருக்கும் அனுப்பிவிட்டு, சேமிப்பையெல்லாம் போட்டு இந்த ஃப்ளாட்டை வாங்கியிருந்தார்கள். அக்கா எஞ்சினியரும் இல்லை, தொழிற்சங்கத்துக்காரியும் இல்லை. கட்டடத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது, அதில் குடியிருக்கலாம் என்பது மட்டும்தான். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. குழியை மூடு என்று சொல்ல என்னவோ பெரிய படிப்பு வேண்டும் என்பது போல எல்லோரும் அவளிடம் நடந்துகொண்டார்கள்.

ஒருமுறை சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் குடியிருந்த பழைய குவார்ட்டர்ஸ் வரிசையை இடித்து அடுக்குமாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் அவள் பழைய வீட்டை நினைத்துக் கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. நடைபாதையை ஒட்டி ஒரு நீளமான பள்ளம், அதற்கு அந்தப் பக்கம் பெண்கள் தலையில் கல் சுமந்துகொண்டு வரிசையாகப் போகிறார்கள், ஒருத்தி இடுப்பில் பிள்ளை வேறு. பள்ளத்துக்கும் அவர்கள் காலுக்கும் நடுவே ஒரு சாண் மண்கூட இல்லை. அக்கா மேஸ்திரி மாதிரித் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டு, ஒரு கயிறாவது கட்டக்கூடாதா என்றாள். அவன் பான் மென்றபடி, "கல் ஹோ ஜாயேகா, மாதாஜி" என்றான். நாளைக்கு ஆகிவிடும். அக்கா தன் பையைத் திறந்தாள். அப்போதுதான் பேரம் பேசி வாங்கிய சிவப்புப் பாவாடையை எடுத்து, புடவைத் தலைப்பை இறுகச் செருகிக்கொண்டு, பள்ளத்து ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் கட்டினாள். காற்றில் பாவாடை உப்பிக்கொண்டு ஆடியது. கல் சுமந்த பெண்கள் நின்று பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"சிரிக்கட்டும். சிரிக்கதுக்காவது இந்தப் பக்கம் திரும்பிப் பாப்பாளுவல்லா" என்றாள்.

வீடு திரும்பும்போது மெட்ரோவில் நான் தயங்கித் தயங்கி அதைக் கேட்டேன். எல்லோருக்கும் இருந்த சந்தேகம்தான். இந்த அம்மாளுக்கு யாரோ வேண்டியவர் குழியில் விழுந்து செத்திருக்க வேண்டும், அதுதான் இப்படி ஆகிவிட்டது என்று சொசைட்டியில் பேச்சு. தம்பி என்றார்கள் சிலர். முதல் குழந்தை என்றுகூட ஒருத்தி சொன்னாள். நான் கேட்டதும் அக்காவுக்கு வந்த கோபம் இருக்கிறதே, பெட்டியில் எதிரே இருந்தவர்கள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார்கள்.

"ஏட்டி, ஒருத்தன் குழியில விழக்கூடாதுன்னு சொல்லதுக்கு எனக்கு வீட்டுல ஒரு எழவு விழணுமோ? யாரும் சாவல. எங்க வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் இருக்காவ. கண்ணு தெரியுது, அதான் சொல்லுதேன். உங்களுக்கெல்லாம் கண்ணு தெரியலியா? அத மொதல்ல சொல்லு."

அவள் சொன்னது எனக்கு இன்றைக்கும் சரியாகத்தான் படுகிறது. ஒருவருக்குக் கோபம் வந்தால் அதற்குப் பின்னால் ஒரு சொந்தச் சோகத்தைத் தேடிக் கண்டுபிடித்து, 'ஐயோ பாவம்' என்று சொல்லி, விஷயத்தை அத்தோடு முடித்துவிடுவதில் நமக்கு எவ்வளவு சௌகரியம்!

அவள் சாது என்றோ, ஏழைகளின் தாய் என்றோ யாரும் நினைத்துவிட வேண்டாம். தொழிலாளிகளையும் திட்டுவாள். ஹவாய்ச் செருப்போடு சாரத்தில் ஏறுகிறவனைக் கீழே இறங்க வைத்து, "மூதி, விழுந்தா ஒன் பொண்டாட்டி பிள்ளைய யாருல பாப்பா?" என்று தமிழிலேயே வைவாள். அவனுக்கு ஒன்றும் புரியாது, ஆனால் இறங்கிவிடுவான். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து மனையில் நடக்கும் அஸ்திவார வேலையைப் பற்றிப் பேசுவாள். ஒருமுறை ஒரு நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் அப்பா பில்டர் என்று தெரிந்து, அவரை மூலையில் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் விடவில்லை. அண்ணாச்சி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பரிதாபமாக நின்றார். அவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். மனுஷர் யாரோடும் ஒரு மனத்தாங்கல் வைத்துக்கொள்ளாதவர். விழா, பூஜை, பிக்னிக் என்று எது வந்தாலும் முன்னால் நின்று எடுத்துச் செய்வார். சொசைட்டியில் எல்லோருக்கும் நல்லவர். அந்த வீட்டில் கெட்ட பேரெல்லாம் அக்கா ஒருத்தியே எடுத்துக்கொண்டாள்.

எங்கள் சொசைட்டிக்குள்ளேயே குழி வந்தது அந்த வருடம் மழைக்காலம் முடிந்த பிறகு. தண்ணீர்ப் பஞ்சம் தாங்காமல் பூங்காவுக்குப் பின்னால், மதில் ஓரமாக, பெரிய நிலத்தடித் தொட்டி ஒன்று கட்டுவதென்று கமிட்டி முடிவு செய்தது. நான் வாடகைக்காரி, கூட்டத்தில் பேச உரிமை கிடையாது, பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். மேலே புல் போடுவதா டைல் போடுவதா, டைல் என்றால் எந்த நிறம் என்றெல்லாம் பேசினார்கள். தோண்டும்போது வேலி போடுவது பற்றி அக்கா கேட்டாள். பிரசிடென்ட் சிரித்துக்கொண்டே, "பாபிஜி, அதெல்லாம் கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார்" என்றார்.

கான்ட்ராக்டர் பார்த்துக்கொண்ட லட்சணம் ஒரு வாரத்தில் தெரிந்தது. இரண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டி, அடியில் கான்கிரீட் போட்டு, கம்பிகளை நட்டுவிட்டார்கள். சுற்றி ஒரு நூல்கூட இல்லை. மதிலை ஒட்டித் தார்ப்பாய்க் குடிசைகள் போட்டு, ஜான்சிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் அங்கேயே சமைத்து அங்கேயே தூங்கின. குழந்தைகள் குழியைச் சுற்றி ஓடி விளையாடின. அக்கா போய்க் கேட்டதற்குக் கான்ட்ராக்டர், "நீங்கள் எஞ்சினியரா?" என்று கேட்டிருக்கிறான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வெயில் ஏறியதும் அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் குழியின் விளிம்பில் போட்டாள். மடியில் முறம், பக்கத்தில் பட்டாணிப் பை. தில்லிக் குளிரில் எல்லாப் பெண்களும் வெயிலில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பவர்கள்தான், ஆனால் பூங்காவில் உட்கார்ந்து உரிப்பார்கள். இவள் குழியோரம் உட்கார்ந்து உரித்தாள். யாராவது குழந்தை ஓடி வந்தால் அதட்டினாள். லாரி பின்னால் வந்தால் கையைக் காட்டி நிறுத்தினாள். பட்டாணி தீர்ந்ததும் வெந்தயக் கீரை ஆய்ந்தாள். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். சொசைட்டிப் பிள்ளைகள் அவளுக்குக் 'கட்டா ஆன்ட்டி' என்று பேர் வைத்தது அப்போதுதான். பெரியவர்களும் சொல்லிச் சிரித்தார்கள். வாட்ஸப் குழுவில் யாரோ அவள் படத்தைப் போட்டு, நமது புதிய செக்யூரிட்டி என்று எழுதினார்கள். அதற்கு எத்தனை பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள் தெரியுமா? படித்தவர்கள், நல்ல வேலையில் இருக்கிறவர்கள். ஒரு அறுபது வயதுப் பெண் வெயிலில் உட்கார்ந்து தங்கள் குழியைக் காவல் காக்கிறாளே என்று ஒருத்தருக்கும் கூச்சம் வரவில்லை.

கடைசியில் கான்ட்ராக்டர்தான் தாங்கமாட்டாமல் சவுக்குக் கம்புகளை நட்டு, கயிறு இழுத்து, பச்சை வலை கட்டினான். அக்கா தன் பழைய சிவப்புச் சீலையைக் கிழித்துக் கம்புக்கொன்றாகக் கட்டிவிட்டு நாற்காலியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்று இரவு எனக்கும் சேர்த்துப் பட்டாணிக் குருமா வைத்தாள். இவ்வளவு பட்டாணியை வேறு என்ன செய்வது!

பிறகு தூசித் தடை வந்தது. குளிர்காலத்தில் காற்று கெட்டுப்போனால் கட்டட வேலை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். தில்லியில் இருப்பவர்களுக்கு இது வருடா வருடம் வருவது. எங்கள் தொட்டி வேலையும் நின்றது. வேலை நிற்கும், குழி நிற்குமா? அது வாயைத் திறந்துகொண்டு அப்படியே கிடந்தது. பெரும்பாலான குடும்பங்கள் வேறு பிழைப்புத் தேடிப் போய்விட்டன. ஒருவனையும் அவன் மனைவியையும் மட்டும் கான்ட்ராக்டர் இருத்திக்கொண்டான். குழியில் ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்க ஓர் ஆள் வேண்டும். ஒல்லியான மனுஷன், எப்போதும் தலையில் ஒரு கோடு போட்ட மஃப்ளர் சுற்றியிருப்பான். அக்காவைக் கண்டால் எழுந்து நின்று, வேலி சரியாக இருக்கிறது என்று காட்டக் கயிற்றை இழுத்துக் காட்டுவான். அவர்களுக்குள் அப்படி ஒரு பழக்கம்.

பொங்கல் வந்தது. தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பூங்காவில் பொங்கல் வைப்பது அண்ணாச்சியின் ஏற்பாடு. அந்த வருடம் கொஞ்சம் பெரிதாகச் செய்ய ஆசைப்பட்டார். மேடை வேண்டும், பந்தல் வேண்டும். டென்ட்காரன் சொன்ன வாடகை கட்டுப்படியாகவில்லை. போகி அன்று சாயங்காலம் கான்ட்ராக்டரைப் பார்த்தபோது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அவன், "இதற்கென்ன அண்ணாச்சி, வேலைதான் நின்று கிடக்கிறதே, வேலிக் கம்பும் வலையும் சும்மாதானே நிற்கிறது, இரண்டு நாளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்" என்றிருக்கிறான். பெருந்தன்மை! அண்ணாச்சி நன்றி சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டார். அக்கா அப்போது வீட்டுக்குள் ஐம்பது பேருக்கு வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள்.

பொங்கல் காலை அப்படி ஒரு பனிமூட்டம். எதிர் பிளாக் தெரியவில்லை. பூங்காவில் விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். பந்தலுக்குப் பின்னால் பச்சை வலையை இழுத்துக் கட்டி, அதில் பலூனும் காகிதப் பூவும் ஒட்டியிருந்தார்கள். அக்கா பட்டுப்புடவையில், வடைத் தூக்கோடு வந்தாள். பந்தலை நிமிர்ந்து பார்த்து, "பரவாயில்லியே, நல்லாத்தான் போட்டிருக்காவ" என்றாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

கேஸ் அடுப்புதான் வைத்திருந்தார்கள். அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. பொங்கல் என்றால் செங்கல் அடுப்பில் வைத்தால்தான் பொங்கல் என்றார். செங்கல் குழிக்கு அந்தப் பக்கம் அடுக்கிக் கிடந்தது. வேடிக்கை பார்க்க வந்து ஓரமாக நின்ற மஃப்ளர்காரனைப் பார்த்து, "பையா, ஈண்ட் லே ஆவோ, ஜல்தி!" என்றார். அவன் உடனே ஓடினான். பண்டிகை வீட்டு வேலை, சந்தோஷமாகத்தான் ஓடினான்.

அவன் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி, இந்த ஆட்களே இப்படித்தான் என்று யாரோ சொல்ல, கேஸ் அடுப்பையே பற்ற வைத்தார்கள். பால் பொங்கியது. தட்டைத் தட்டிக்கொண்டு எல்லோரும் பொங்கலோ பொங்கல் என்று கத்தினோம். பஞ்சாபிக் குழந்தைகளும் கத்தின. அந்தக் கூச்சலில் அவன் கூப்பிட்டிருந்தால் எப்படிக் கேட்டிருக்கும்? அவன் கூப்பிட்டிருக்கிறான். பிறகு அவனே சொன்னான்.

பனிக்குள்ளிருந்து அவன் மனைவியின் அலறல் வந்தது. எல்லோரும் என்ன என்ன என்று அந்தப் பக்கம் திரும்பினார்கள். அக்கா மட்டும் பந்தல் காலைப் பார்த்தாள். அதில் ஒரு சிவப்புத் துணி. அவள் கிழித்துக் கட்டிய சீலைத் துணிதான். பலூனுக்கு நடுவே அது இருந்ததை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. அவள் அண்ணாச்சியை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். வடைத் தூக்கைத் தரையில் போட்டுவிட்டு ஓடினாள்.

பனியில் வழி தெரியாதபோதெல்லாம் அவன் வேலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் செங்கல் பக்கம் போவானாம். ராத்திரியில் வேலியைப் பிரித்தது தெரியாமல் அன்றைக்கும் பழக்கத்தில் கயிற்றுக்குக் கையை நீட்டியிருக்கிறான். கயிறு எங்கள் பந்தலில் இருந்தது.

குழிக்குள் அவன் மல்லாந்து கிடந்தான். இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. கம்பி ஒன்று தொடையைக் கிழித்திருந்தது. மேலிருந்து இரண்டு பேர் கயிறு விட்டுத் தூக்கலாம் என்றார்கள். "தொடாத! யாரும் தொடாத!" என்று அக்கா கத்திக்கொண்டே மூங்கில் ஏணியில் பட்டுப்புடவையோடு இறங்கினாள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டதும் அவள்தான், அது வரும்வரை சேற்றில் உட்கார்ந்து அவன் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்ததும் அவள்தான். நான் விளிம்பில் நின்றேன். யாரோ ஒரு புண்ணியவான் பின்னாலிருந்து என் கையில் ஒரு காகிதக் கிண்ணத்தைத் திணித்தார். சூடான சர்க்கரைப் பொங்கல், மேலே முந்திரி. எனக்கு அதை அவர் முகத்தில் விட்டெறிய வேண்டும் போல இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் போலீஸ் சௌக்கிக்குக் கூப்பிட்டார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அக்காவின் போன் என்பதால் அவளும் வர வேண்டும் என்றார்கள். துணைக்கு நான் போனேன். பிரசிடென்ட், கான்ட்ராக்டர், அண்ணாச்சி மூவரும் முன்பே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது என்பது பார்த்தவுடன் தெரிந்தது. தடை காரணமாக வேலை நடக்கவில்லை. வேலை நடக்காதபோது அவன் வேலையாளே இல்லை. பனியில் அவனாக எதற்கோ போனான், கவனக்குறைவாக விழுந்தான். இதுதான் கதை. இப்படி எழுதினால் யாருக்கும் தொந்தரவில்லை. முதுகெலும்பு உடைந்து கிடக்கிறவனைத் தவிர.

அதிகாரி அக்காவிடம், "ஆமாம்தானே, மாதாஜி?" என்று பேனாவை நீட்டினார்.

அக்கா பேனாவை வாங்கவில்லை. வேலி இருந்தது, அதைப் பந்தலுக்குப் பிரித்தார்கள், செங்கல் எடுத்து வரச் சொல்லி அவனை அனுப்பினார்கள், அதனால் விழுந்தான் என்று தன் இந்தியில் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"யார் பிரித்தது? யார் அனுப்பியது?"

"இவர்" என்று அண்ணாச்சியைக் காட்டினாள்.

"இவர் யார் உங்களுக்கு?"

"மேரா பதி."

என் புருஷன் என்று சொன்னதுதான் தாமதம், அதிகாரி சிரித்துவிட்டார். பிரசிடென்ட் சிரித்தார். கான்ஸ்டபிள்கூடச் சிரித்தான். வீட்டுச் சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் மாதாஜி, பண்டிகை நேரத்தில் சார் மேல் என்ன கோபம் என்று கேட்டுவிட்டு அதிகாரி பேனாவை மூடி வைத்தார். ஒரு மனுஷனின் இரண்டு காலும் போயிருக்கிறது, இவர்கள் புருஷன் பெண்டாட்டி ஜோக் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அக்கா அவர்களைப் பார்க்கவே இல்லை. அண்ணாச்சியின் பக்கம் திரும்பித் தமிழில் பேசினாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"நான் சொன்னா சண்டைங்கான். நீங்க சொன்னா எழுதுவான். நீங்க கெட்டவுகன்னு நான் சொல்லல. கம்ப எடுத்தது நீங்க, ஆள அனுப்புனது நீங்க. அத மட்டும் சொல்லுங்க. சொல்லாம வீட்டுக்கு வந்து எப்பிடி எங்கூட உக்காந்து சாப்பிடுவிய?"

அண்ணாச்சி டீக் கிளாஸை மேசையில் வைத்தார். பிரசிடென்ட் அவர் தோளில் கைவைத்து, "அண்ணாச்சி, விடுங்கள்" என்றார். அவர் அந்தக் கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றார்.

"லிக்கியே, சாப்" என்றார். எழுதுங்கள். "வேலியைப் பிரித்தது நான். அவனைச் செங்கலுக்கு அனுப்பியதும் நான்தான்."

எழுதினார்கள். ஆனால் அந்த அறையில் அடுத்த நிமிடமே நடந்ததைச் சொன்னால்தான் இந்த உலகம் புரியும். கான்ட்ராக்டர் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீர்களா, நான் வேலி போட்டுத்தான் வைத்திருந்தேன், இவர்தான் பிரித்தார், என் மேல் என்ன தப்பு?" என்றான். எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தவன் அவன்! குழியை மூடாமல் போட்டவன் அவன்! வேலையில்லை என்று சொல்லிக்கொண்டே மஃப்ளர்காரனை மோட்டார் போட வைத்தவனும் அவன்தான். அக்கா அதையெல்லாம் சொல்லக் கத்தினாள். அதிகாரி, ஒருவர் ஒப்புக்கொண்ட பிறகு இன்னும் என்ன என்று கேட்டார். பிரசிடென்ட் எழுந்து போய்விட்டார். உண்மையைச் சொன்ன ஒரே ஆள் மேல் மொத்தத்தையும் ஏற்றிவிட்டு மற்றவர்கள் கையை உதறிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

கூப்பிடும்போது வர வேண்டும் என்று அண்ணாச்சியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். அங்கிருந்து நாங்கள் மூவரும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்டுக்கு வெளியே நடைபாதையில் கம்பளி விரித்து அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். அக்கா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். என் புருஷன் ஒப்புக்கொண்டார், எழுதியாகிவிட்டது, இனி உன் ஆளைக் கவனமில்லாதவன் என்றோ, தானாக விழுந்தான் என்றோ யாரும் சொல்ல முடியாது, கான்ட்ராக்டரையும் நான் விடமாட்டேன் என்றாள். அண்ணாச்சி சுவரோரம் தலைகுனிந்து நின்றார். அந்தப் பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு ஒன்று கேட்டாள்.

"அந்தக் குழியை மூடிவிட்டார்களா, அம்மா?"

அக்காவுக்குப் புரியவில்லை.

"இல்லை, என் கொழுந்தன் ஊரிலிருந்து வந்திருக்கிறான். தடை எடுத்தாகிவிட்டதாம். அண்ணன் இடத்தில் நாளைக் காலையிலிருந்து நீ வா என்று கான்ட்ராக்டர் சொல்லியிருக்கிறான். அவனுக்கு அந்த இடம் பழக்கமில்லை. விடியற்காலையில் பனியாக இருக்கிறது. அதனால் கேட்டேன்."

ஆஸ்பத்திரி, சௌக்கி, எக்ஸ்ரே என்று அலைந்ததில் குழிப்பக்கம் அவளும் போகவில்லை. சொசைட்டியில் இருந்த அத்தனை பேரில் வேறு ஒருவரும் போகவில்லை. அண்ணாச்சிதான் முதலில் அசைந்தார். "வா" என்றார் அக்காவிடம்.

ஆட்டோவிலிருந்து இறங்கிப் பூங்காவுக்குள் நுழைந்தோம். பந்தல் அப்படியே நின்றது. மாலைகள் காய்ந்து தொங்கின, பலூன்கள் சுருங்கிக் கிடந்தன. இன்னும் ஏன் பிரிக்கவில்லை என்று வாட்ச்மேனைக் கேட்டோம். ஜனவரி இருபத்தாறு வருகிறதே, கொடியேற்ற இதே மேடையை வைத்துக்கொள்ளலாம், தொட வேண்டாம் என்று பிரசிடென்ட் சொல்லியிருக்கிறார் என்றான். கம்பு பூங்காவில் நின்றது, குழி பின்னால் திறந்து கிடந்தது, நாளைக் காலை தம்பிக்காரன் வேலைக்கு வருகிறான்.

அக்கா நேராகப் பந்தல் காலுக்குப் போய் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். அண்ணாச்சி மேடைமேல் ஏறி வலையைப் பிடித்து இழுத்தார். காகிதப் பூக்கள் கிழிந்து விழுந்தன. நான் கயிற்றைச் சுற்றினேன். இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து பிரசிடென்ட்டின் குரல் வந்தது. "பாபிஜி! என்ன செய்கிறீர்கள்? இருபத்தாறாம் தேதிக்கு வேண்டுமே! மந்திரி ஆபீசிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள்!"

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பனியில் இறுகிப்போன முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். கயிறு விட்டது. அதைத் துப்பிவிட்டு, மொத்தச் சொசைட்டிக்கும் கேட்கும்படி, தன் இந்தியில் கத்தினாள்.

"கம்பு வேணும்னா வந்து எடுத்துக்கோங்க! கொடியேத்த வாற அத்தனை பேரும் அன்னைக்கு வரைக்கும் கையக் கோத்துக்கிட்டு அந்தக் குழியச் சுத்தி நில்லுங்க! யாரு மொதல்ல வாரிய?"

அவள் இந்தியைத் தமிழில் சொன்னால் இதுதான் வரும். பால்கனிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி ஒரு கம்பைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு குழியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.